குரங்கணி – டாப் ஸ்டேஷன் – வட்டவடை: மாணவர்களோடு மூன்று நாள், வழி சொல்லுங்கள்

சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

வணக்கம். தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை மூன்று நாள் மலைக்குக் கூட்டிப் போகலாம் என்று எண்ணம். பன்னிரண்டு பெண்கள், பத்துப் பையன்கள், கூடவே நானும் இன்னொரு ஆசிரியையும். சுற்றுலா இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "சார், மாட்டுப்பட்டியில் போட்டிங் உண்டா" என்று ஏற்கெனவே நான்கு பேர் கேட்டாகிவிட்டது. நடக்க வேண்டும், மலைமேல் இருக்கிற சனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், காட்டுக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், இவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அம்மாவோ சித்தியோ தினமும் ஏலத்தோட்ட ஜீப்பில் போடிமெட்டு ஏறி இறங்குகிறவர்கள். பிள்ளைகளோ பதினேழு கொண்டை ஊசி வளைவையும் தாண்டி ஒரு தடவைகூட எங்கேயும் இறங்கி நடந்ததில்லை. மலை என்றால் அம்மா வேலைக்குப் போகிற இடம்.

என் திட்டம் இது. முதல் நாள் போடியில் இருந்து குரங்கணிக்கு பஸ், அங்கிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு நடை. இரண்டாம் நாள் வட்டவடை, பக்கத்தில் முதுவர் பழங்குடியினரின் ஊர் (குடி) ஒன்று. மூன்றாம் நாள் மூணாறு, இரவிகுளத்தில் வரையாடு, அப்படியே மறையூரில் முனியறைகளை (பழங்காலக் கல்லறைகளை)ப் பார்த்துவிட்டு சின்னாறு, உடுமலை வழியாக ஊர் திரும்புவது. தேதி மார்ச் முதல் வாரம், அப்போதுதான் உள்தேர்வு முடிந்திருக்கும். முதுவர் குடியில் கேட்பதற்காக 24 கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

அனுமதி எங்கே வாங்குவது, எங்கே தங்குவது, இத்தனை பேருக்குச் சோறு எப்படி, அட்டைக்கு என்ன செய்வது? எல்லாமே கேள்விதான். போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள். திட்டத்தைக் கிழித்தாலும் பரவாயில்லை.

குரங்கணிக்காரன் எழுதியது:

சார், மார்ச் என்று படித்ததும் மற்றதைப் படிக்கவே ஓடவில்லை. நீங்கள் தேனிக்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையில் இருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள், சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இருந்து வந்தவர்கள், நடுச் சரிவில் தீயில் மாட்டினார்கள். கடைசிக் கணக்கில் 23 பேர் போனார்கள். அன்று ஊரில் இருந்து போர்வையும் கம்பும் எடுத்துக்கொண்டு மேலே ஏறின ஆட்களில் நானும் ஒருவன். இங்கே சரிவு முழுக்க போதைப்புல். ஆள் உயரத்துக்கு வளரும், கசக்கினால் எலுமிச்சை வாசனை அடிக்கும். எரிந்து முடிந்த பிறகும் அந்த வாசனை சாம்பலோடு சேர்ந்து மலை முழுக்க நின்றது. எனக்கு இன்றைக்கும் எலுமிச்சை டீ குடிக்க முடியாது. அதற்குமேல் எழுத வேண்டாம்.

பொங்கல் தாண்டினால் புல் காய ஆரம்பித்துவிடும். காய்ந்த சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகம் சமதரையில் ஓடுவதைப் போல இருக்காது, கீழே எரிகிற சூடே மேலே இருக்கிற புல்லைப் பற்றத் தயாராக வைத்துவிடும். ஓடுகிறவன் மேலே ஓடினால் தீ முந்தும், பக்கவாட்டில் ஓடினால் பாறையோ பள்ளமோ இருக்கும். வருடா வருடம் தீக்காலத்தில் வனத்துறை பாதைகளை மூடிவிடுகிறது, உங்களுக்கு அனுமதியே கிடைக்காது. அனுமதி இல்லாமல் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அவன் நம்பரை அழித்துவிடுங்கள்.

அந்தத் தீக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு என்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை அறிவித்து இணையத்தில் பதிவு செய்கிற ஏற்பாடும் வந்துவிட்டது, வழிகாட்டியும் அவர்களே தருவார்கள். நம் பக்கத்தில் குரங்கணி – சாம்பலாறு பாதை அதில் இருக்கிறது. டாப் ஸ்டேஷன் பாதைதான் வேண்டும் என்றால் மாவட்ட வன அலுவலகத்தில் கல்லூரி கடிதத்தோடு நேரில் போய்க் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தை செக்போஸ்டில் செல்லாது.

சரி, பாதையைப் பற்றி. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் எப்படி வந்தது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், வியூ பாயின்ட் இருப்பதால் என்பார்கள். குண்டளை பள்ளத்தாக்கு ரயில் வந்து நின்ற ஸ்டேஷன் அது. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்க ஆரம்பித்து, 1908இல் இரண்டடி அகலத் தண்டவாளமாகி, என்ஜின் ஓடியது. மூணாறு டீத்தூள் பெட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வரும், அங்கிருந்து ரோப்வேயில் இறங்கும், குரங்கணிப் பக்கம் பாட்டம் ஸ்டேஷன், அப்புறம் வண்டி கட்டி போடிக்கு. நடுவில் இருக்கிற ஊர் சென்ட்ரல் ஸ்டேஷன். 1924 ஜூலை வெள்ளம் ரயிலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது, மலையாளக்காரர்கள் கொல்லம் ஆண்டு 1099ஐ வைத்து 99ஆம் வெள்ளம் என்பார்கள். ரயில் போய் நூறு வருடமாகியும் மூன்று ஊருக்கும் ஸ்டேஷன் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுக்காரன் டாப் ஸ்டேஷனைக் கேரளா என்று நினைத்துக்கொண்டு போகிறான், ஊர் என்னவோ நம் தேனி மாவட்டம், கொட்டகுடி பஞ்சாயத்து.

சென்ட்ரல் ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். வண்டி போகிற ரோடு கிடையாது. உடம்புக்கு முடியாதவரை டோலி கட்டித்தான் தூக்க வேண்டும், அரிசி மூட்டை கழுதை முதுகிலோ ஆள் தலையிலோ வரும். மலைப் பண்பாடு பார்க்கணும் என்றீர்களே, அங்கே கடையில் ஒரு சோப்பு என்ன விலை, போடியில் என்ன விலை என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த வித்தியாசம்தான் ரோடு இல்லாததன் விலை.

இன்னொன்று, முதல் நாளே ஏற்றம் வைக்காதீர்கள். பழகாத பிள்ளைகள் முதல் நாள் தொடை பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டு நாளும் உங்கள் பாடு திண்டாட்டம். மேலே பஸ்ஸில் போய் கடைசி நாள் நடந்து இறங்குங்கள். கையில் ஆளுக்கு ஒரு கம்பு, முழங்கால் தப்பிக்கும்.

சும்மா_பார்க்கிறவன் எழுதியது:

போட்டிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார், பிள்ளைகள் பாவம்.

கொழுந்துக்கூடை எழுதியது:

நான் மூணாறு. எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், இப்போது டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. உங்கள் திட்டத்தில் மலைவாழ் மக்கள் என்றதும் முதுவர் குடி வந்தது, வரையாடு வந்தது, முனியறை வந்தது. தமிழ் பேசுகிற இத்தனை ஆயிரம் தோட்டக்காரர்கள் வரவே இல்லையே சார்? மூணாறுக்கு அரை நாள், அதுவும் ஆடு பார்க்க. கோபமாக எழுதவில்லை, எல்லோரும் இப்படித்தான் வருகிறார்கள். பச்சைக் கம்பளம் விரித்தது போல என்று தேயிலையைப் போட்டோ எடுப்பார்கள். அது காடு இல்லை, நூறு வருடத்துக்கு முன்னால் சோலையையும் புல்வெளியையும் வெட்டி நட்ட செடி, நட்டது எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள். உங்கள் சுற்றுச்சூழல் பாடத்தை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

லயம் என்றால் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு நீளக் கட்டடம், வரிசையாகக் கதவு, ஒரு கதவுக்கு ஒரு குடும்பம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் ஒரு சின்ன வராந்தா. அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தால் நம் வீட்டில் இருமல் வரும். வேலை இருக்கிற வரை வீடு, ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதனால் வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே பிள்ளையில் ஒருவர் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் கதையும் உண்டு. எங்கள் அம்மா முப்பத்து நான்கு வருடம் கொழுந்து எடுத்தார். அவர் விரலில் கறுப்பு வரி வரியாக இருக்கும், தேயிலைப் பால் ஏறினது, எந்தச் சோப்புக்கும் போகாது. கடைசிக் காலத்தில் கையால் கிள்ளுவது போய்க் கத்திரி வந்துவிட்டது. கத்திரியோடு பை சேர்ந்திருக்கும், நாள் முழுக்க அதைத் தூக்கி வெட்டி வெட்டித் தோள்பட்டை போயிற்று. ரிட்டயர் ஆன பிறகு கயத்தாறு பக்கம் தாத்தா ஊருக்குப் போனார், ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வெயில் ஒரு பக்கம், அதைவிட அங்கே இவரை "மலையாளத்து அம்மா" என்கிறார்கள். இங்கே இருந்தால் "பாண்டி". 1956இல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு இரண்டு தாலுகாவும் கேரளாவோடு இருந்துவிட்டன என்று புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

2015 செப்டம்பரில் போனஸைப் பாதியாகக் குறைத்தபோது ரோட்டில் உட்கார்ந்தது பெண்கள்தான், எந்தச் சங்கத் தலைவரையும் பக்கத்தில் விடவில்லை. பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று பெயர் வந்தது. ஒன்பது நாள். 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். உங்கள் வகுப்பில் ஏலத்தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றீர்களே, அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. நாள் கணக்காக விடாத மழை, மலை உடைந்து வந்து லயங்களை மூடியது. 70 பேர், எல்லோரும் தமிழ்க் குடும்பம். கரன்ட் இல்லை, டவர் இல்லை, வெளியே தெரியவே மறுநாள் காலை ஆயிற்று. அம்மாவோடு கொழுந்து எடுத்தவர்கள் அதில் இருந்தார்கள். இரவிகுளத்துக்கு வரையாடு பார்க்கக் க்யூவில் நிற்கிற அதே ராஜமலைப் பக்கம்தான் அது. அங்கே போகச் சொல்லவில்லை, போனால் செல்ஃபி எடுக்காமல் இருக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். மண்சரிவு எப்படி வருகிறது என்று கேட்டால் எங்கள் லயத்துப் பாட்டிகள் உங்களைவிட நன்றாகச் சொல்வார்கள்: ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, வழக்கமாக வருகிற ஊற்று நின்றாலோ சாமானைக்கூட எடுக்காமல் வெளியே வா.

இரவிகுளம் பிப்ரவரி, மார்ச்சில் பெரும்பாலும் மூடியிருக்கும், வரையாடு குட்டி போடுகிற காலம். ஆக உங்கள் மார்ச் இங்கேயும் செல்லாது.

பூண்டுத்தோட்டம் எழுதியது:

வட்டவடையில் விவசாயம். இரண்டரை ஏக்கர், படிப்படியாக. கோவிலூர் பஸ் நிறுத்தத்தில் இறங்கினால் எதிர்ச் சரிவில் தெரிகிறது பாருங்கள், அந்தப் படிகளில் ஏதோ ஒன்று என்னுடையது.

முதலில் ஒன்று. இங்கே வருகிற மாணவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) மரம் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று தெரிந்தும் ஏன் நட்டீர்கள்?" ஏதோ நாங்கள் ராத்திரி யோசித்து மலைக்குத் துரோகம் செய்த மாதிரி. கதை இப்படி. காரட் போட்டால் காட்டுமாடு தின்னும், உருளை போட்டால் பன்றி தோண்டும், முட்டைக்கோஸ் விளைந்த வருடம் விலை விழும், லோடு ஏற்றும் கூலிகூடத் தேறாது. ஒரு வியாபாரி வந்து யூகலிப்டஸ் கன்றைத் தருகிறான், காகித ஆலைக்கு மரம் போகும், ஏழெட்டு வருடம் நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறான். மாடு தின்னாது, பன்றி தொடாது. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற ஆள் என்ன செய்வான்? நட்டான். பத்து வருடத்தில் கீழே இருக்கிறவன் ஊற்று வற்றியது. ஊற்று வற்றினதும் அவனுக்கும் காய்கறி போட முடியாது, அவனும் கிராண்டிஸ் நட்டான். ஒரு சரிவு அப்படித்தான் மேலிருந்து கீழே மாறிப்போயிற்று. இதில் யாரைத் திட்டுவது என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

பார்க்க வேண்டிய இடம் ஒன்று சொல்கிறேன், கூகுள் மேப்பில் இருக்காது. கிராண்டிஸ் தோப்புக்குள் பத்து நிமிஷம் நில்லுங்கள். காலடியில் காய்ந்த இலை நொறுங்கும், புல் இருக்காது, பறவைச் சத்தம் குறைவு. அங்கிருந்து பாம்பாடும் சோலை ஓரத்துக்கு வாருங்கள், ரோட்டில் நின்றாலே போதும், உள்ளே போக வேண்டாம். மரத்தில் பாசி தொங்கும், மழை பெய்து நான்கு நாளானாலும் மண்ணைக் கையில் பிழிந்தால் தண்ணீர் வரும். சோலையும் புல்லும் மழையைப் பஞ்சு போலப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது என்று நீங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்துவது அந்த ஒரு கைப்பிடி மண்ணில் முடிந்துவிடும். அந்தத் தண்ணீர்தான் பாம்பாறாக இறங்கிக் கிழக்கே ஓடி அமராவதிக்குப் போகிறது. கேரளாவில் கிழக்கே பாய்கிற ஆறு மூன்றே மூன்று, அதில் ஒன்று. உடுமலைக்காரன் வயலுக்குப் பாய்கிற தண்ணீர் எங்கள் மலையில் இருந்து வருகிறது, நியாயமாகப் பார்த்தால் அவன்தான் எனக்கு மரம் நடாமல் இருக்கக் காசு தர வேண்டும். (தர மாட்டான்.)

குறிஞ்சிப் பூ இப்போது கேட்காதீர்கள். பூத்தது 2006, 2018, அடுத்தது 2030. குறிஞ்சிக்காகவே 2006இல் இங்கே கொட்டகாம்பூர், வட்டவடைப் பக்கம் 32 சதுர கிலோமீட்டர் சரணாலயம் அறிவித்தார்கள். எங்கே எல்லை, யார் பட்டா செல்லும் என்கிற வழக்கை எழுத ஆரம்பித்தால் இந்தத் திரி போதாது.

தங்க: இருபத்து நான்கு பேர் என்றால் டென்ட் கேம்ப் என்று போர்டு போட்டவர்களிடம் போகாதீர்கள், ராத்திரி பன்னிரண்டு வரை பாட்டுப் போடுவார்கள். இரண்டு மூன்று வீட்டு மாடியில் பிரித்துத் தங்கலாம், பெண்கள் தனி வீடு. ராத்திரி குளிர் எலும்பில் ஏறும், கம்பளி கட்டாயம். சாப்பாடு நாங்கள் சமைத்துத் தருவோம், ஆனால் சோறு, பருப்பு, பீன்ஸ் பொரியல், பூண்டு ஊறுகாய், அவ்வளவுதான். பரோட்டா கிடையாது. காலையில் இரண்டு மணி நேரம் தோட்டத்தில் வேலை செய்தால் எனக்குச் சந்தோஷம். எங்கள் மலைப்பூண்டு சின்னப் பல், உரித்தால் விரலில் மூன்று நாள் வாசனை நிற்கும், புவிசார் குறியீடும் வந்துவிட்டது. ஆனாலும் லோடு வடுகபட்டி சந்தைக்கு வந்ததும் கொடைக்கானல் பூண்டாகிவிடுகிறது. பிள்ளைகளுக்கு அந்தச் சந்தை பக்கத்தில்தானே, திரும்பி வந்தபிறகு ஒரு நாள் போய் விலையை விசாரிக்கட்டும்.

பழைய_மாணவி எழுதியது:

சார், உங்கள் 24 கேள்விப் படிவத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

எங்கள் கல்லூரியில் இருந்தும் இப்படித்தான் போனோம், மறையூர்ப் பக்கம் ஒரு குடிக்கு. வனத்துறை அனுமதி, கூட ஒரு வாச்சர், எல்லாம் முறைப்படி. படிவத்தில் "உங்கள் பாரம்பரிய உணவு என்ன", "உங்கள் சடங்குகள் யாவை" என்று இருந்தது. யாவை! ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து கேழ்வரகுக் கதிரை உதிர்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவைத் திறந்தேன். அவர் நிமிராமலே கேட்டார்: "போன வருசமும் ஒரு கூட்டம் இப்படி எழுதிட்டுப் போச்சே, அந்தத் தாளெல்லாம் எங்க?" எங்கள் ஆசிரியர் சிரித்துச் சமாளித்தார். ஆனால் அந்தத் தாள் எங்கே என்று எனக்குத் தெரியும், எங்கள் துறை அலமாரியில் மேல் தட்டில், கட்டுப் பிரிக்காமல்.

அதைவிட மோசம் ஒன்று நடந்தது. ஊர் ஓரத்தில் தனியாக ஒரு குடில். எங்கள் பையன் ஒருவன் அழகாக இருக்கிறது என்று போய்ப் படம் எடுத்துவிட்டான். மாதவிலக்கு நாளில் பெண்கள் தங்குகிற இடம் அது, உள்ளே ஆள் இருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அடுப்பில் எங்களுக்காக வைத்திருந்த கட்டன் சாயாப் பாத்திரத்தை ஒரு அக்கா பேசாமல் இறக்கி உள்ளே கொண்டுபோய்விட்டார், அவ்வளவுதான். திரும்பி வரும் வழியெல்லாம் வாச்சர் எங்களோடு பேசவே இல்லை. அந்த வழக்கம் சரியா தவறா என்று பஸ்ஸில் பெரிய விவாதம் நடந்தது. கேட்காமல் படம் எடுத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதனால் ஒரே நாளில் குடிக்குள் புகுந்து எழுதிக்கொண்டு வருவது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முதுவர்கள் பேசுகிற பேச்சு நமக்குக் காது கொடுத்தால் புரியும், தமிழுக்கு அவ்வளவு பக்கம். மதுரையை விட்டு மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறினோம், முதுகில் சுமந்ததால் முதுவர் என்று அவர்களே சொல்லும் கதை உண்டு. மதுரைப் பக்கத்தில் இருந்து போகிற உங்கள் பிள்ளைகளிடம் அவர்களுக்கும் கேட்க ஏதாவது இருக்கும், விடுங்கள் கேட்கட்டும். இடமலைக்குடி 2010இல் கேரளாவின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து ஆனது, அங்கே போய்ச் சேருவதே பெரிய பாடு, அந்தப் பக்கம் திட்டம் போட்டுவிடாதீர்கள். பூண்டுத்தோட்டம் அண்ணன் மாதிரி யாராவது தனக்குப் பழக்கமான ஒருவரை வரச் சொன்னால், அவர் விருப்பப்பட்டால், வழியில் உட்கார்ந்து பேசலாம். எது எழுதினாலும் ஒரு பிரதி அவருக்குத் தமிழில் போக வேண்டும்.

மறையூரில் முனியறைக்குப் பதிலாக, அல்லது கூடவே, சர்க்கரை ஆலைக் கொட்டகை ஒன்றில் நில்லுங்கள். கரும்புச் சக்கையையே எரித்து, பெரிய கொப்பரையில் பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருண்டை பிடிப்பார்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. சமவெளியில் செய்த வெல்லத்தை மறையூர் சர்க்கரை என்று விற்பதும் நடக்கிறது, அதைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் ஒரு மணி நேரம் பேசுவார்கள், நம் ஊரையும் சேர்த்துத்தான் திட்டுவார்கள். ஆனால் மூன்று நாளில் மறையூரும் சேர்த்தால் ஜன்னல் வழியாகத்தான் எல்லாம் தெரியும். வெட்டிவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்காக ஒன்று, இதை ஆண் ஆசிரியர்கள் மறந்துவிடுவார்கள். நடைவழியில் கழிப்பறை இல்லை. நாப்கின் கொண்டுபோனது கொண்டுபோனபடி திரும்பி வர வேண்டும், அதற்குக் கறுப்புக் கவரும் மூடி போட்ட டப்பாவும் ஆளுக்கு ஒன்று. புதைக்கவும் கூடாது, பன்றி தோண்டிவிடும். மூணாறில் யானை காய்கறிக் கழிவுக்காகக் குப்பைக்கு வந்து பிளாஸ்டிக்கோடு தின்பதும், சாணத்தில் கவர் இருப்பதும் புதுச் செய்தி இல்லை. பிஸ்கட் பாக்கெட்டை ஊரிலேயே பிரித்துச் சம்படத்தில் போட்டுக்கொண்டு போனால் பாதிக் குப்பை மலை ஏறவே ஏறாது.

அட்டை: ஜனவரியில் தொல்லை குறைவு. மழைக்காலம் என்றால் பேன்ட்டை காலுறைக்குள் விட்டு, காலுறைமேல் புகையிலைத் தண்ணீர். கடித்தால் உப்பு, பிய்த்து எறியாதீர்கள். டெட்டால் பாட்டிலைச் சுற்றி இருபது பேர் அலறுகிற காட்சியும் பயணத்தின் ஒரு பகுதிதான்.

சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தைக் கிழித்தாலும் பரவாயில்லை என்று நான்தான் எழுதினேன், வார்த்தை மாறாமல் கிழித்துவிட்டீர்கள்.

தேதி ஜனவரி, பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். முதல்வரிடம் பேசிவிட்டேன், உள்தேர்வை அவர் தள்ளி வைக்க மாட்டாராம், பிள்ளைகள் திரும்பி வந்து மூன்றாம் நாள் எழுத வேண்டும். முனகுகிறார்கள். மறையூர் இல்லை, இரவிகுளம் இல்லை. கொழுந்துக்கூடை எழுதியதை வகுப்பில் வாசித்தேன். வரையாட்டுக்கு ஒதுக்கிய அரை நாளை லயத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று பிள்ளைகளே சொன்னார்கள், கொழுந்துக்கூடை, உங்கள் அம்மாவோ வேறு யாரோ பேசத் தயார் என்றால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். இரண்டு ராத்திரியும் வட்டவடை. கடைசி நாள் டாப் ஸ்டேஷனில் இருந்து இறக்கம், அனுமதி கிடைத்தால். கிடைக்காவிட்டால் பஸ்தான். படிவத்தை எடுத்து வைத்துவிட்டேன். துறை அலமாரியையும் திறந்து பார்த்தேன். 2011 என்று எழுதின ஒரு கட்டு இருக்கிறது. அதற்குமேல் கேட்காதீர்கள்.

நேற்று ஒரு மாணவி வந்து, "சார், பஸ்ஸில் ஏன் போகணும், எங்க அம்மா போகிற ஜீப்பிலேயே போகலாமே" என்றாள். அவள் அம்மாவுக்குச் சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. காலை நான்கரைக்குச் சோறு கட்டிக்கொண்டு கிளம்புகிறவர், சாயங்காலம் வரும்போது சேலையில் மருந்து வாசனை அடிக்குமாம், அந்தச் சேலையைத் தனியாகத்தான் துவைப்பார்களாம். தோட்டத்தில் என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று இதுவரை கேட்டதில்லை என்றாள். போடிமெட்டு வரை அப்படிப் போய், தோட்டத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து மூணாறு பஸ் பிடிக்கலாமா? குரங்கணிக்காரன் அண்ணே, இது நடக்குமா?

சும்மா_பார்க்கிறவன் எழுதியது:

போட்டிங் கடைசிவரை இல்லையா சார்.

குரங்கணிக்காரன் எழுதியது:

தம்பி, குரங்கணி ஆற்றில் இறக்கிவிடுகிறேன், நீந்திப் போ.

சார், நடக்கும். ஆனால் இருபத்து நான்கு பேரையும் ஒரே ஜீப்பில் ஏற்றாதீர்கள், ஏற்கெனவே அதில் பதினைந்து பேர் அடைத்துக்கொண்டுதான் போகிறார்கள், அதையும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்த இரண்டு ஜீப்காரர்கள் இருக்கிறார்கள், மூன்றாவதற்கும் சொல்லி வைக்கிறேன். வேலையாட்கள் போகிற ஜீப்பில் வண்டிக்கு நான்கு பிள்ளைகளுக்குமேல் வேண்டாம், மற்றவர்களுக்குத் தனி வண்டி. தோட்டக்காரரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும், மருந்து அடிக்கிற நாளாக இருந்தால் உள்ளே விடக்கூடாது, விட்டாலும் போகக்கூடாது.

ஐந்து மணிக்குத் தேவர் சிலைப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். ஐந்து என்றால் ஐந்து, பெண்கள் காத்திருக்க மாட்டார்கள், அரை மணி பிந்தினால் அவர்களுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். முன் சீட்டில் யாரும் ஏற வேண்டாம். அது கங்காணி அக்காவின் இடம்.